துண்டுக்கடியில் ஹாதியின் கை

எங்கள் அங்கன்வாடிக்கும் மாட்டுச்சந்தைக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலிதான். அந்தப் பக்கம் வியாழக்கிழமை மட்டும் கூச்சல், இந்தப் பக்கம் தினமும். புதிதாக வருகிறவர்கள் எது சந்தை என்று தடுமாறுவார்கள். எனக்கு அந்தத் தடுமாற்றம் கிடையாது. என்னைப் பெற்ற உப்பா அந்தச் சந்தையில் தரகர். எங்கள் வீட்டில் விருந்துக்கு வருகிறவர் பிரியாணியைப் பாராட்டினால்கூட, இவருக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்றுதான் உம்மா யோசிப்பாள்.

சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. இரண்டு பேர் கை கொடுத்து நிற்பார்கள். கைகளின் மேல் ஒரு துண்டு விழும். அதற்கடியில் விரல் விரலைப் பிடிக்கும், மடக்கும், விடும். மேலே முகங்கள் மழையைப் பற்றியோ மருமகனைப் பற்றியோ பேசிக்கொண்டிருக்கும். உள்ளங்கையை அழுத்திக் குலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் படைத்தவனே இறங்கி வந்தாலும் பேச்சு மாறாது. துண்டைத் தூக்கிப் பார்ப்பது இருக்கட்டும், உற்றுப் பார்ப்பதே கேவலம். எங்கள் ஊரில் துண்டு விழுந்தால் பக்கத்தில் நிற்பவன் கழுத்து தானாகத் திரும்பிக்கொள்ளும். பசுவும் எருமையும் மட்டும்தான் பார்க்கும்.

எங்கள் பிள்ளைகளின் விளையாட்டும் இதுதான். வேறு ஊர்ப் பிள்ளைகள் சோறு சமைத்து விளையாடும். இவர்கள் கை துடைக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டு, “இந்த வருஷம் மழை மோசம், என்ன?” என்று ஆரம்பிப்பார்கள். இதில் மிஷால்தான் ராஜா. தரகர் பீரான் இக்கா இவனுக்கு உப்பூப்பா, அதாவது தாத்தா; ஐந்து வயது, முன்பல் இரண்டு இல்லை. அவனுக்கு எப்போதும் ஜோடி வைகா. எண்ணெய் வழிய இரட்டைச் சடை போட்டு வருவாள். மிஷாலிடம் தோற்றாலும் தோற்ற மாதிரி முகம் காட்ட மாட்டாள்.

ஹாதி ஜூன் மாத மழையோடு வந்து சேர்ந்தான். நான்கு வயது. பேச்சில்லை. யார் முகத்தையும் பார்க்கமாட்டான். யாராவது லேசாக உரசினால்கூடத் தீ பட்டதுபோல் அலறுவான். அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு இடுக்கு கண்டுபிடித்து அதிலேயே குடியேறிவிட்டான். மற்ற பிள்ளைகள் அவனை அடிக்கவில்லை, கிண்டல் செய்யவில்லை. தூணைச் சுற்றி ஓடுவதுபோல அவனைச் சுற்றி ஓடினார்கள். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவன் இருப்பது தெரிகிறது என்று ஆறுதல் பட்டிருப்பேன்.

அவன் உம்மா முர்ஷிதா அவன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டி, தன் போன் நம்பர் பொறித்த தகட்டைக் கோத்திருந்தாள். எங்காவது வழி தவறிப் போனால் பேர் சொல்ல வாயில்லாத பிள்ளை. தினமும் மாலை கேட்டில் நின்று ஒரே கேள்வி கேட்பாள்.

“இன்னைக்கு யாராச்சும் அவன்கூட விளையாடினாங்களா டீச்சர்?”

“வரும் முர்ஷிதா, வரும்.”

“நீங்க சந்தைக்காரங்க வீட்டுப் பொண்ணு. வரும் வரும்னு சொல்றது உங்களுக்குச் சுலபம்.”

வாரத்துக்கு ஒருநாள் நந்தஜா வருவாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று பிளாக்கிலிருந்து அனுப்பும் ஸ்பெஷல் டீச்சர். சின்ன வயசு, பெரிய பை. “அவனை இழுத்து வட்டத்துல உட்கார வைக்காதீங்க ரம்லா சேச்சி. வட்டம் அவன்கிட்ட போகணும்” என்பாள். வட்டத்துக்குக் கால் இல்லையே என்று நான் சொல்வேன். சிரிப்பாள்.

வட்டம் அக்டோபரில் போனது. வைகாவுக்குக் காய்ச்சல். ஜோடி இல்லாமல் அலைந்த மிஷால், நேராக டிரம் பக்கம் போய், தரையில் கிடந்த ஹாதியின் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே கையை விட்டான். நான் அலறலுக்குக் காதைத் தயார்செய்துகொண்டேன். அலறல் வரவில்லை. ஹாதி சுவரைப் பார்த்தபடியே இருந்தான். துண்டுக்கடியில் ஏதோ அசைந்தது. அப்புறம் அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நாங்கள் யாரும் அதுவரை கேட்டதில்லை.

நந்தஜாவிடம் சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. “யோசிச்சுப் பாருங்க சேச்சி. பேச வேண்டாம், முகம் பார்க்க வேண்டாம், மத்தவங்களும் பார்க்கமாட்டாங்க. பிடி கெட்டியா இருக்கும், திடீர்னு உரசறது கிடையாது. இவனுக்குன்னே அளந்து தைச்ச விளையாட்டு இது.” அடுத்த வாரம் அதை வீடியோ எடுத்தாள். முர்ஷிதா அதை ஷார்ஜாவில் இருக்கும் கணவனுக்கு அனுப்பினாள். அவன் அதை அங்கே பிளாட்டில் இருக்கிற எல்லாருக்கும் காட்டினானாம். முர்ஷிதா எனக்கு ஒரு டப்பா நிறைய கோழிக்கோட்டு அல்வா கொண்டுவந்து கொடுத்தாள். நானும் தின்றேன்.

முதலில் காணாமல் போனது அவன் முட்டை.

முட்டை நாளில் ஹாதியின் தட்டில் முட்டை இல்லை, மிஷால் தட்டில் இரண்டு. அடுத்து ஜன்னலோரம் அவனுக்குப் பிடித்த நீலப் பாய். அடுத்து சக்கரம் உருட்டிப் பார்ப்பதற்கென்றே அவன் வைத்திருந்த கார். நவம்பரில் கொட்டும் மழையில் அவன் வெறுங்காலோடு வீட்டுக்குப் போனான். செருப்பு வைகாவின் காலில், இடம் வலம் மாறி.

மிஷாலைக் கூப்பிட்டேன்.

“இதெல்லாம் என்னடா?”

“கச்சவடம் டீச்சர். அவன் வித்தான், நான் வாங்கினேன்.”

“வாங்கினதுக்கு நீ என்ன கொடுத்தே?”

அவன் உண்மையாகவே யோசித்தான். “அவன் ஒண்ணும் கேக்கலையே.”

எந்த விரலைப் பிடித்தாலும் ஹாதி உள்ளங்கையை அழுத்திக் குலுக்கிவிடுகிறான். குலுக்கினால் மிஷால் சிரிப்பான், வைகா கை தட்டுவாள். பிள்ளைகள் வட்டமாக வருவார்கள். அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அந்தக் குலுக்கல்தான். சம்மதம். அதற்கு எதிர்ச்சொல் அவனிடம் இல்லை.

சந்தையில் இப்படி ஒருவன் எப்போதும் இருப்பான். எங்கள் காலத்தில் குஞ்ஞாப்பு. கை நீட்டினால் குலுக்கிவிடுவான். அவன் வந்தால் டீக்கடையில் எல்லாரும் எழுந்து இடம் கொடுப்பார்கள், தோளில் கை போடுவார்கள். அவனுக்கு இருந்த அளவு சிநேகிதர்கள் அந்தச் சந்தையில் வேறு யாருக்கும் இருந்ததில்லை. மாடு போனது, வயல் போனது, வீடு போனது. கடைசி வரைக்கும் எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்கள். பிறகு ஒரு வியாழக்கிழமை அவன் வரவில்லை. யாரும் தேடவில்லை.

நந்தஜாவிடம் சொன்னேன். அவள் பையை மெல்லக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்னு சொல்ல அவனுக்குத் தெரியல சேச்சி. பழகறதுல பாதி அதுதான். அதை நான் விட்டுட்டேன்.”

“விளையாட்டை நிறுத்திடவா?”

“நிறுத்தினா திரும்ப டிரம்முக்குப் பின்னாடி போயிடுவான். இந்தத் தடவை வெளியே வருவானான்னு என்னால சொல்ல முடியாது. கையை எடுத்துக்கவும் சொல்லிக்கொடுப்போம்.”

அன்றிலிருந்து தினமும் காலையில் நானும் ஹாதியும் துண்டு போட்டு உட்கார்ந்தோம். அவனுக்குப் பிடிக்காதவற்றை ஒவ்வொன்றாக நீட்டினேன். ஈர மண், பாகற்காய்த் துண்டு, பிசுபிசுக்கிற மாவு. ஒவ்வொரு தடவையும் நான் என் கையை இழுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக் காட்டினேன். இப்படி, மோனே. வேண்டாம்னா இப்படி. அவன் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்துச் சிரித்தான். ஈர மண்ணோடு என் கையைக் குலுக்கினான்.

முர்ஷிதாவுக்கு இது பிடிக்கவில்லை.

“அவனா ஒருத்தருக்குக் கை கொடுக்க நாலு வருஷம் காத்திருந்தேன் டீச்சர். நீங்க இப்ப இழுத்துக்கச் சொல்லித் தர்றீங்க.”

“எல்லாருக்கும் கை கொடுக்கிறவன் நாளைக்கு யார்கூட வேணும்னாலும் போயிடுவான் முர்ஷிதா.”

“நல்ல வார்த்தை சொல்லுங்க. உங்க நாக்கு கருநாக்கு, சொன்னா பலிச்சுடும்.”

ஒரு புதன்கிழமை மாலை, பாய்களைச் சுருட்டும்போது, வைகா மிஷாலிடம் கேட்டது காதில் விழுந்தது.

“அஞ்சு விரலும் பிடிச்சா என்னடா?”

“அதை இன்னும் யாரும் பிடிச்சுப் பாக்கல.”

“சொல்லேன்.”

“துண்டுக்கடியில இருக்கிறதைச் சொன்னா வியாபாரம் கெட்டுப்போயிடும்னு உப்பூப்பா சொல்லியிருக்கார். டீச்சர் காதை வச்சுக்கிட்டு நிக்கிறாங்க பாரு.”

“என்ன விக்கப் போறீங்க ரெண்டு பேரும்?” என்றேன்.

மிஷால் வெளியே எட்டிப் பார்த்து, “மழை வரும்போலத் தெரியுது டீச்சர்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல தரகனாக வருவான் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போகிற வழி முழுக்க முட்டை, பாய், கார், செருப்பு என்று என் விரல்களை மடக்கிக்கொண்டே போனேன்; ஐந்தாவதாக மடக்க எதுவும் கிடைக்கவில்லை.

மறுநாள் சந்தை. லாரிகள் வழக்கம்போல எங்கள் வேலியை ஒட்டி வரிசையாக நின்றன. மாடு ஏற்றுவதற்குப் பின்பலகையை மேட்டில் சாய்த்திருந்தார்கள். அந்த மேடும் எங்கள் பக்கவாசலும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அன்று குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளும்கூட. கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். நான் தராசோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தபோது பக்கவாசல் அருகே மூன்று தலைகள், நடுவில் துண்டு. மிஷால், வைகா, ஹாதி. ஹாதி சிரித்துக்கொண்டிருந்தான்.

என் கழுத்து தானாகத் திரும்பிக்கொண்டது.

மதியம் தட்டு வைக்கும்போது ஹாதியின் இடம் காலி. டிரம்முக்குப் பின்னால் இல்லை. கழிப்பறையில் இல்லை. ஆயா தங்கமணி கிணற்றடிக்கு ஓடினாள். மூடி போட்டு மேலே கல் வைத்தது வைத்தபடி இருந்தது. “இங்கே இல்ல, இங்கே இல்ல” என்று அவள் கத்தியது நல்ல செய்தி மாதிரியும் இருந்தது, கெட்ட செய்தி மாதிரியும் இருந்தது.

கை கழுவும் இடத்தில் வைகா நின்றிருந்தாள். அவள் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு பல சுற்றுச் சுற்றியிருந்தது. தகடு தொங்கியது.

குரலை உயர்த்தாமல் கேட்டேன். “இது எப்படி உன்கிட்ட வந்துச்சு மோளே?”

“எனக்குத்தானே டீச்சர்” என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. “வித்தவங்களுக்குத்தானே கயிறு.”

எங்கள் சந்தையில் மாட்டை விற்கலாம், கயிற்றை விற்கக்கூடாது. கை குலுக்கியதும் விற்றவன் தன் கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொள்வான். வாங்கியவன் தன் கயிற்றைக் கட்டி ஓட்டிப் போவான். இது இந்த ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். வைகா மாட்டுக்காரி. அப்படியென்றால் மாடு யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவன் பேரைச் சொல்லக்கூடிய ஒரே பொருள் இப்போது அவன் கழுத்தில் இல்லை.

மிஷால் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் எதிரில் உட்கார்ந்தேன். முகத்தை உப்பாவின் முகமாக வைத்துக்கொண்டேன்.

“வைகாகிட்ட வாங்கினியா?”

“வாங்கினேன்.”

“எனக்குக் கொடு. என்ன வேணும்?”

“இல்ல டீச்சர். வித்தாச்சு.”

“யாருக்கு?”

அவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். துண்டுக்கடியில் நடந்ததைச் சொல்லமாட்டான். அடித்துக் கேட்டால் அழுவான், அழுதால் அரைமணி நேரம் போய்விடும். தங்கமணி கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். அவளைக் கண்ணாலேயே நிறுத்தினேன்.

“சொல்லமாட்டேதான்” என்றேன். “நஷ்டத்துக்கு வித்திருப்பே. பீரான் இக்கா பேரன் ஏமாந்துட்டான்னு வெளியே தெரிஞ்சா வெட்கம்தானே.”

சோற்றுக் கை அப்படியே நின்றது.

“யாரு ஏமாந்தா? வர்க்கி மாமன் லாரியில ஹாரன் அடிச்சுக்கலாம்னு குலுக்கினாரு! நானே ரெண்டு தடவை அடிச்சேன்!”

வேலிக்கு வெளியே ஒரு லாரி உறுமிக் கிளம்பும் சத்தம் கேட்டது.

பக்கவாசல் வழியாக எப்படி இறங்கினேன் என்று தெரியாது. சந்தை மாடுகளை ஏற்றிப் போகும் டிரைவர் வர்க்கியின் லாரி தெற்கே போகிறது. வழியில் நிற்காமல் ராத்திரி வரைக்கும் ஓடும். நான் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் விரித்தேன். வர்க்கி பிரேக்கை மிதித்து, ஜன்னலில் தலையை நீட்டினான்.

“சாகறதுக்கு என் வண்டிதான் கிடைச்சுதா டீச்சரே?”

“மிஷால்கிட்ட என்ன வாங்கினே?”

“ஐயோ, அதுவா? சின்னப் பையன் துண்டோட கையை நீட்டினான். சிரிப்பா இருந்துச்சு, நானும் ஒரு குலுக்குக் குலுக்கினேன். எதை வித்தான்னு யார் கேட்டா?” சொல்லிக்கொண்டே வந்தவன் என் முகத்தைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பின்னால் ஓடினான்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். எருமைகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. அவற்றின் கால்களுக்கு அப்பால், கேபினை ஒட்டிய மூலையில், வைக்கோல் கட்டுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு இடுக்கு. அதில் ஹாதி. அவனுக்கு இடுக்கு கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. வியாபாரம் முடிந்ததும் மிஷால் பின்பலகை வழியாக அவனை உள்ளே அனுப்பியிருக்கிறான்; ஏற்றியவர்கள் கவனிக்காமல் அவனைச் சுற்றி எருமைகளை அடைத்திருக்கிறார்கள்.

பக்கவாட்டில் ஏறி, கம்பியில் வயிற்றை வைத்துக் குனிந்து, கையை நீட்டினேன். விரல் நுனி அவன் முட்டிக்கு எட்டியது.

“வா மோனே.”

ஹாதி என் கையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் கையை எடுத்து, முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டான்.

எத்தனையோ காலையில் ஈர மண்ணோடு உட்கார்ந்து நான் காத்திருந்தது இதற்குத்தான். சரியாகச் செய்தான். நான் காட்டியதைவிடச் சுத்தமாகச் செய்தான். எனக்குக் கண் நிறைந்தது. ஒரு எருமை காலை மாற்றி வைத்தது. குளம்பு அவன் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி இறங்கியது.

“பிடிச்சுத் தூக்குங்க டீச்சர்!” வர்க்கி கீழேயிருந்து கத்தினான்.

“கத்தாதே. பிடிச்சா அலறுவான். அலறினா இதுங்க மிரளும்.”

“அப்ப என்னதான் பண்றது?”

இன்னொரு தடவை கையை நீட்டினேன். கை முதுகுக்குப் பின்னாலேயே இருந்தது. இப்போது அவன் என் முகத்தைப் பார்த்தான். முகத்தை. நான் என்ன செய்யப் போகிறேன் என்று பார்த்தான். எங்கள் சந்தையில் எத்தனையோ கண்கள் அப்படிப் பார்த்ததுண்டு: சொன்ன சொல்லுக்கு மதிப்பு உண்டா, இல்லை பலம் உள்ளவன் பிடுங்கிக்கொள்வானா? எட்டிப் பிடித்திருந்தால் எனக்கு அவன் கிடைத்திருப்பான். அந்த “வேண்டாம்” திரும்ப வந்திருக்காது.

“இறக்கு” என்றேன்.

“எதை?”

“எருமையை. எல்லாத்தையும். ஒவ்வொண்ணா, மெதுவா.”

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. வாங்கியவர், விற்றவர், வேடிக்கை பார்ப்பவர். “ஏற்ற ஒரு மணி நேரம் ஆச்சு, ஒரு பொடியன் வரமாட்டேங்கறான்னு இறக்கறதா?” என்றார் ஒருவர். “ரெண்டு அறை விட்டாத் தானா வருவான்” என்றார் இன்னொருவர். “டீச்சருக்குச் சின்ன வயசிலிருந்தே வியாபாரத்தைக் கெடுக்கிற வழக்கம்” என்றார் என் உப்பாவோடு பழகிய மூன்றாமவர். நான் கம்பியிலிருந்து நகரவில்லை. என் கண் குளம்புகளின் மேல் இருந்தது. ஒவ்வொரு எருமை திரும்பும்போதும் லாரி ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஹாதி இன்னும் கொஞ்சம் மூலைக்குள் ஒடுங்கினான். கடைசி எருமை பெரியது. பலகைவரை போய்விட்டுப் பின்னால் நகர்ந்தது. மறுபடி நகர்ந்தது. அதன் வால் அவன் முகத்தில் அடித்தது. வர்க்கி அதன் காதில் ஏதோ கெட்ட வார்த்தையைத் தாலாட்டுப் போலச் சொல்லிச் சொல்லி இறக்கினான்.

லாரி காலியானது. ஹாதி உட்கார்ந்தே இருந்தான். நாங்கள் நின்றோம். சந்தையே நின்றது. பிறகு அவன் எழுந்து, சாணத்தை மிதித்துக்கொண்டு பின்பலகைவரை வந்தான். சரிவைப் பார்த்துத் தயங்கினான். வர்க்கி கையை நீட்டினான். கை முதுகுக்குப் பின்னால் போனது. வர்க்கி தன் கையை இழுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். ஹாதி உட்கார்ந்து, சறுக்கி, தானே இறங்கினான்.

தங்கமணி போன் செய்திருக்க வேண்டும். முர்ஷிதா தலைத்துணி சரிந்து விழ ஓடி வந்தாள். மண்ணில் மண்டியிட்டு இரண்டு கையையும் விரித்தாள்.

“பொன்னே, வா.”

ஹாதி அவளைப் பார்த்தான். இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

முர்ஷிதாவின் கைகள் விரித்தபடியே கொஞ்ச நேரம் காற்றில் நின்றன. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்குமா டீச்சர்?”

சரிந்த தலைத்துணியை எடுத்து அவள் தோளில் போட்டேன். நாளைக்கு அவன் மிஷாலுக்குக் கை கொடுப்பானா, அவன் கொடுக்காவிட்டால் மற்ற பிள்ளைகள் அவனைச் சுற்றி வருவார்களா, மறுபடியும் தூணைச் சுற்றுவதுபோல ஓடுவார்களா, எனக்குத் தெரியவில்லை. முர்ஷிதாவுக்கு இனி எப்போது கை கொடுப்பான் என்பதும் தெரியவில்லை.

ஹாதி வீட்டுப் பக்கமாக ரோட்டில் நடக்க ஆரம்பித்தான், வெறுங்காலோடு, யார் கையையும் பிடிக்காமல். எதிரே லாரிகள் வந்துகொண்டிருந்தன. முர்ஷிதா எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டாமல் ஓடி அவனுக்குப் பக்கத்தில் வந்தாள். நான் அவளுக்குப் பின்னால். அவனைத் தொடாமல், லாரி வருகிற பக்கத்தில் நாங்கள் இருவரும் நடந்தோம்.